மறு: ‘ஸ்மூத் நம்பர்’ என்பதற்கு ‘உதிரெண்’ சரிவருமா?

அண்ணாச்சிக்கும் மற்ற நண்பர்களுக்கும் வணக்கம். கணிதத்தில் வரும் ‘ஸ்மூத் நம்பர்’ (smooth number) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் பேச்சில் அண்ணாச்சி எழுதியது இது:

> ‘வழவழப்பு எண்’ என்றே வைத்துவிடலாம். மூலச்சொல்லுக்கு நேராக இருக்கிறதே.

அண்ணாச்சி, இதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. சேர்த்து எழுதினால் ‘பெண்’ என்று முடிந்து படிப்பவரைத் தடுமாற வைக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், அந்த எண் என்ன செய்யும் என்பதை இந்தச் சொல் சொல்லவே இல்லை. பகாக் காரணிகளாகப் பிரித்தால் வருவதெல்லாம் ஒரு எல்லைக்குள் அடங்கிய சின்னப் பகா எண்களாகவே இருக்க வேண்டும், அவ்வளவுதான் வரையறை. ‘சிறுகாரணி எண்’ என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். 15754-க்கும் 2 என்ற சிறுகாரணி உண்டு. ஆனால் மிச்சம் நிற்கும் 7877 ஒரு பகா எண், அதற்கு மேல் உடையாது. ‘எல்லாமே சிறியவை’ என்பது அந்தச் சொல்லில் விட்டுப்போகிறது.

நான் முன்வைப்பது உதிர் எண், சேர்த்து எழுதினால் உதிரெண். ‘பகு எண்’ போலவே வினைத்தொகை. களத்தில் கதிரை அடித்தால் மணிமணியாக உதிருமே, அதுதான் என் மனதில் இருந்தது.

ஒரு பெரிய எண்ணை வைத்துப் பார்ப்போம். நம் பழைய கணக்கில் முந்திரி என்பது 320-ல் ஒரு பங்கு. அதை மறுபடியும் 320 ஆகப் பிரித்தால் கீழ்முந்திரி, அதாவது 102400-ல் ஒரு பங்கு. இந்த 102400-ஐ உடைத்தால் 2 பன்னிரண்டு தடவையும் 5 இரண்டு தடவையும் வரும், வேறொன்றும் வராது. 39 எண்கள் அதை மீதியில்லாமல் வகுக்கும். காலுக்கு 80 முந்திரி, மாகாணிக்கு (16-ல் ஒரு பங்கு) 20, மாவுக்கு (20-ல் ஒரு பங்கு) 16, காணிக்கு (80-ல் ஒரு பங்கு) 4 என்று எல்லாமே முழுசாக வந்ததற்கு 320 இப்படி உதிர்வதுதான் காரணம். ஓலையில் கணக்கு எழுதியவர்கள் இதற்குப் பெயர் வைக்காமலே இதை வைத்துப் பிழைத்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்குச் சிலிர்க்கிறது. ஒரு எண் தள்ளி 102401-க்குப் போங்கள். 13 × 7877, அதோடு நின்றுவிடும்.

எல்லையை முன்னால் எழுதிக்கொள்ளலாம். 102400 ஒரு 5-உதிரெண். எங்கள் ஆச்சி நெல் அளந்த ‘கோட்டை’ என்ற அளவுக்கு 21 மரக்கால். 21 என்பது 3 × 7, ஆகவே அது 7-உதிரெண், 5-உதிரெண் ஆகாது.

‘உதிரி’ என்று மட்டும் வைக்க வேண்டாம். உதிரிப்பூ, உதிரிபாகம் என்று அந்தச் சொல் தனித்துக் கிடப்பதைக் குறிக்கப் போய்விட்டது.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: “ஒரு பெரிய எண்ணின் பகாக் காரணியிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது உதிரெண்ணாக இருந்தால், கணிதவியலாளர் பொலார்டு 1974-ல் தந்த முறையில் அந்தக் காரணி சீக்கிரம் பிடிபடும்.” நாக்கில் தடையில்லாமல் வருகிறது.

ஒரு இடத்தில் மட்டும் எனக்கு முடிச்சு அவிழவில்லை. ‘ரஃப் நம்பர்’ என்பதற்கு, ‘பகா எண்’ போல ‘உதிரா எண்’ என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு எல்லாப் பகாக் காரணிகளும் பெரியவையாக இருக்க வேண்டும். எல்லை 100 என்று வைத்தால் 15754 இரண்டிலும் சேராது. ‘உதிரா எண்’ என்றால் படிப்பவர் அதையும் சேர்த்துக்கொள்வார். இதற்கு நீங்கள் ஒரு சொல் யோசித்து எழுதுங்கள் அண்ணாச்சி.