வேளை தெரிந்து உண்ண வேண்டிய ஊர்: கொல்கத்தாவில் மூன்று மாதங்கள்

வெளியூர்களில் சில காலம் தங்க நேர்ந்தபோது உண்டவற்றைப் பற்றிப் பலரும் இங்கே எழுதியிருப்பதைப் படித்த பின், அலுவலகப் பணியின் பொருட்டுக் கார்த்திகைத் தொடக்கத்திலிருந்து மாசித் தொடக்கம் வரை கொல்கத்தாவில் நான் கழித்த மூன்று மாதங்களைப் பற்றி எழுதத் தோன்றியது. நான்கு நாள் சுற்றுலாவாக ஓர் ஊருக்குச் செல்பவர் கையில் உணவுகளின் பட்டியல் இருந்தால் போதும். வாடகைக்கு அறை எடுத்து, காலையில் பால் பாக்கெட் வாங்கி, அங்கேயே குடியிருப்பவருக்குக் கடிகாரமும் பஞ்சாங்கமும் தேவைப்படுகின்றன. இவ்விரண்டும் இல்லாமல் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு நான் அலைந்ததில் முதல் இரண்டு வாரங்கள் வீணாயின.

முதலில் சறுக்கியது இலிஷ் மீனில்தான். ஹில்சா என்று வெளியுலகம் அறிந்த அந்த மீனை உண்ணாமல் வங்காளத்திலிருந்து எப்படித் திரும்புவது என்ற அவசரத்தில், வந்து சேர்ந்த மூன்றாம் நாளே ஓர் உணவகத்தில், அதன் பெயர் வேண்டாம், கடுகு அரைத்துவிட்ட இலிஷ் குழம்பு கேட்டு வாங்கினேன். மீன் சக்கையாக இருந்தது. முள்ளுக்கு மட்டும் குறைவில்லை. இதற்காகவா இத்தனை பேச்சு என்று எண்ணியபடி அந்த வார இறுதியில் கரியாஹாட் சந்தைக்குச் சென்றேன். அங்கே மீன்காரர்கள் மேடையில் சம்மணமிட்டு அமர்ந்து, நம் அரிவாள்மணையைப் போன்ற, ஆனால் அதைவிடப் பன்மடங்கு பெரிய அரிவாளின் அடிப்பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு, மீனை இரு கைகளாலும் ஏந்தி அலகில் தள்ளி வெட்டுகிறார்கள். அரிவாள் அசைவதே இல்லை, மீன்தான் அசைகிறது. அவர்களுள் வயதான ஒருவரிடம் இலிஷ் கேட்டேன். "இது மழைக்காலத்தில் பிடித்து ஐஸில் கிடப்பது, தாதா (அண்ணா). இதை உங்களுக்கு விற்றால் நாளை வந்து என்னைத்தான் திட்டுவீர்கள்" என்று தடுமாறும் இந்தியில் சொல்லிவிட்டு, தகரத் தொட்டியில் உயிரோடு துள்ளிக்கொண்டிருந்த கோய் மீனைக் காட்டினார். உற்றுப் பார்த்தபோதுதான், அது நம் ஊர்க் குளங்களில் முதல் மழை பெய்ததும் கரையேறி ஊர்ந்து போகும் பனையேறிக் கெண்டை என்பது தெரிந்தது. குளிர்காலத்தில் அம்மீனைக் காலிஃபிளவரோடு சேர்த்துச் சமைப்பது வங்காளிகளின் வழக்கம். கையிலிருந்த வியாபாரத்தை விட்டுவிட்டு எனக்குப் பருவம் சொல்லிக்கொடுத்த அந்த மனிதரிடம்தான் பிறகு மூன்று மாதங்களும் மீன் வாங்கினேன்.

என் அறையின் கீழ்த்தளத்தில் குடியிருந்த வீட்டுக்கார அம்மையாரை, அக்கம்பக்கத்தார் அழைப்பதைப் போலவே நானும் 'மாஷீமா' என்று அழைத்தேன். சிற்றன்னை என்று பொருள். அவருடைய குடும்பம் நாட்டுப் பிரிவினையின்போது பரிசாலிலிருந்து வந்தது. இலிஷ் கதையைக் கேட்டுச் சிரித்தவர், கிழக்கு வங்கத்திலிருந்து வந்த பல குடும்பங்களில் துர்கா பூஜையை ஒட்டி வரும் லட்சுமி பூஜையோடு இலிஷை நிறுத்திவிட்டு, அங்கே தை, மாசியை ஒட்டி வரும் சரஸ்வதி பூஜையன்று ஜோடி மீன் வாங்கித்தான் மீண்டும் தொடங்குவார்கள் என்றார். இடைப்பட்ட மாதங்களில் மீன் முட்டையிட்டுக் குஞ்சுகள் வளர வேண்டும் அல்லவா என்பது அவர் சொன்ன காரணம். கடுகு அரைப்பதையும் அவரிடமே கற்றுக்கொண்டேன்: பச்சை மிளகாயும் உப்பும் சேர்த்து அரைத்தால் கசப்பு ஏறாது, ஒரே மூச்சில் அதிக நேரம் அரைக்கவும் கூடாது. அந்த அம்மியிலிருந்து எழும் நெடி கண்ணில் நீரை வரவழைத்த பிறகு மூக்கில் ஒரு தெளிவைத் தரும். ஜலதோஷத்துக்கு வேறு மருந்து தேடியதில்லை.

காலை உணவில் நான் கற்ற பாடம் சிறியது. தெருமுனைக் கடையில் பெருங்காய மணத்தோடு பொரித்தெடுக்கும், பூரணம் வைத்த பூரியான கொச்சூரியை ஒருநாள் மாலை ஆறு மணிக்குச் சென்று கேட்டபோது, கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை, நம் ஊரில் இரவு பத்து மணிக்குப் பொங்கல் கேட்பவரைப் பார்க்கும் பார்வையாக இருந்தது. அவரிடம் ஏழு மணிக்கு மேல் பத்து மணிக்குள் சென்றால்தான் கொச்சூரியும் உருளைக்கிழங்குக் குழம்பும். மாலையில் அதே வாணலியில் ஷிங்காராதான் வேகும். ஷிங்காரா நாம் அறிந்த சமோசாவின் உறவு என்றாலும், குளிர்காலத்தில் அதனுள் காலிஃபிளவரும் வேர்க்கடலையும் சேர்வதால் அது தனிப் பிறவி.

இதைவிடக் கறாரான கடிகாரம் லால்பஜாரை அடுத்த திரேட்டா பஜாரில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த திரேட்டா என்ற இத்தாலியரின் பெயரால் விளங்கும் அந்தப் பகுதியில், தலைமுறைகளாக வாழும் சீனக் குடும்பங்கள் விடியற்காலையில் மட்டும் தெருவோரத்தில் உணவு விற்கின்றன. ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் அதிகம். ஆவியில் வெந்த பாவ், மோமோ, மீன் உருண்டைகள் மிதக்கும் சூப் ஆகியவற்றை அலுமினியப் பாத்திரங்களிலிருந்து எடுத்துத் தருகிறார்கள். முதல் ஞாயிறு ஒன்பது மணிக்குச் சென்றேன். காலிப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஞாயிறு ஆறு மணிக்கே பனிமூட்டத்தில் போய் நின்றேன். அந்தச் சூப்பின் சூட்டைக் கைகள்தான் முதலில் சுவைத்தன.

மதியச் சாப்பாட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் ஒரு பைசாவுக்குச் சோறு போட்டதால் 'பைஸ் ஹோட்டல்' என்று பெயர் பெற்ற எளிய உணவகங்கள் இன்னும் சில அங்கே இருக்கின்றன. காலேஜ் ஸ்ட்ரீட்டை ஒட்டிய பவானி தத்தா சந்தில் உள்ள ஸ்வாதீன் பாரத் ஹிந்து ஹோட்டல் அவற்றுள் ஒன்று. அன்றைய மீன் வகைகளைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். சோறு, பருப்பு, மீன் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை என்பதோடு, இவ்வகை உணவகங்களில் வாழையிலைக்கும் தனியே காசு வாங்குவது பழைய வழக்கம். இலையில் சாப்பிட்டே பழகிய நான், இலைக்கும் கணக்கு உண்டு என்பதை முதன்முறை கேட்டபோது சிரித்துவிட்டேன்.

ஆனால் சிரிப்புக்குரியவன் நான்தான் என்பது சிறிது நேரத்தில் தெரிந்தது. வந்தவற்றையெல்லாம் இலையில் பரப்பிக்கொண்டு, பருப்பையும் மீன் குழம்பையும் ஒரே சோற்றில் பிசையத் தொடங்கியபோது, அருகில் அமர்ந்திருந்த முதியவர் பொறுக்க முடியாமல் கையமர்த்தினார். முதலில் கசப்பு, அதாவது பாகற்காயும் வாழைக்காயும் முருங்கைக்காயும் சேர்ந்த சுக்தோ, அதன்பின் பருப்பும் வறுவலும், பின்னர் காய், அடுத்து மீன், அதற்கும் பின்னால் இறைச்சி, முடிவில் இனிப்பான சட்னியும் அப்பளமும், எல்லாம் முடிந்த பின் மிஷ்டி எனும் இனிப்புப் பண்டம். ஒவ்வொன்றுக்கும் சோற்றில் ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கிக்கொள்ள வேண்டும். நாமும் சாம்பார், ரசம், மோர் என்று வரிசையாகத்தான் உண்கிறோம் என்றாலும், கூட்டும் பொரியலும் கடைசிவரை இலையோரத்தில் நமக்காகக் காத்திருக்கும். அவர்களுடைய முறையிலோ ஒன்று முடிந்தால் அது முடிந்ததுதான். கசப்பில் தொடங்கிய நாக்குக்குப் பருப்பு கூட இனிக்கிறது என்பதை அன்று உணர்ந்தேன். சுக்தோவை மட்டும் கடைசிவரை விரும்ப முடியவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பிரியாணியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஆம், அதில் முழு உருளைக்கிழங்கு உண்டு. 1856-ல் அவத் அரசை ஆங்கிலேயரிடம் இழந்து கொல்கத்தாவின் மெட்டியாபுரூஸில் குடியேறிய நவாப் வாஜித் அலி ஷாவின் அடுக்களையோடு அதை இணைத்துச் சொல்வார்கள். பணமுடையால் இறைச்சிக்குப் பதில் கிழங்கு சேர்ந்தது என்போரும், அக்காலத்தில் உருளைக்கிழங்கே புதுமைப் பொருள் என்போரும் இன்றும் வாதிடுகிறார்கள். இறைச்சியின் சாறு முழுவதையும் உறிஞ்சியிருக்கும் அந்தக் கிழங்கை உண்டபின் எனக்கு வாதத்தில் அக்கறை போய்விட்டது. 1942 முதல் காலேஜ் ஸ்ட்ரீட்டின் ஆல்பர்ட் ஹாலில் இயங்கும் காஃபி ஹவுஸுக்கு அதன் உயர்ந்த கூரைக்காகவும், தலைப்பாகை அணிந்த பரிமாறுவோருக்காகவும், பக்கத்து மேசை விவாதங்களுக்காகவும் செல்லலாம். காப்பிக்காக நம்மவர் யாரும் செல்ல வேண்டாம்.

மாலைகளில் ஃபுச்கா. பூரியைக் கட்டைவிரலால் உடைத்து, கொண்டைக்கடலை கலந்து பிசைந்த உருளைக்கிழங்கை அடைத்து, புளித்தண்ணீரில் முக்கி, இலைத் தொன்னையில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போவார்கள். நாம் மெல்லும் வேகத்தைக் கவனித்தே அடுத்தது வருகிறது. எல்லாம் முடிந்த பின் இலவசமாக ஒன்று தர வேண்டும், அதற்கு 'ஃபாவ்' என்று பெயர். நம் கொசுறுதான் அது. கேட்காமலே தருபவரும் உண்டு, கேட்டால் முறைப்பவரும் உண்டு; கேட்காமல் போகும் வாடிக்கையாளரை மட்டும் நான் பார்த்ததில்லை.

மார்கழி பிறந்த பின் எல்லா இனிப்புக் கடைகளிலும் நிறம் மாறியது. வெள்ளையாக இருந்த ரசகுல்லாவும் சந்தேஷும் இளம்பழுப்பாயின. 'நொலென் குர்' என்னும் புது வெல்லம் வந்துவிட்டது. அது ஈச்சமரத்துச் சாற்றைக் காய்ச்சி எடுப்பது. பதநீரும் கருப்பட்டியும் அறிந்த நமக்கு அதன் செய்முறை பாதி தெரிந்ததாகவும் பாதி தலைகீழாகவும் இருக்கும். நாம் பனையின் பாளையைச் சீவுகிறோம். அவர்கள் ஈச்சமரத்தின் கழுத்துப் பகுதியில் தண்டையே சீவிப் பானை கட்டுகிறார்கள். பதநீர் புளிக்காமலிருக்க நாம் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறோம். அங்கே அந்த வேலையைப் பெரும்பாலும் குளிரே செய்துவிடுகிறது. அதனால் குளிர் எவ்வளவு கடுமையோ அவ்வளவு மணம் என்பார்கள். மாஷீமா தந்த பாகு போன்ற வெல்லத்தை, லூச்சி எனும் சூடான மைதா பூரியின் மேல் ஊற்றி உண்டேன். கருப்பட்டியின் கரிந்த அடிச்சுவை அதில் இல்லை. புகையின் மணம் மட்டும் மெல்லிதாக மேலே நின்றது. எனக்குக் கருப்பட்டியே உயர்ந்தது என்று சொல்லும் பிடிவாதம் அந்த லூச்சி முடியும் வரை நினைவுக்கு வரவில்லை.

தை மாதத்தில் தெருவெங்கும் கூடை கூடையாக இலந்தைப்பழம் வந்திறங்கியது. 'குல்' என்கிறார்கள். மாஷீமாவின் பத்து வயதுப் பேத்திக்கு ஒரு பொட்டலம் வாங்கிச் சென்றேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். சரஸ்வதிக்குப் படைக்கும் முன் குல் தின்றால் பரீட்சையில் தோற்றுப்போவோம் என்பது அங்கே எல்லாப் பிள்ளைகளும் காக்கும் விதி. பொட்டலம் அலமாரியின் மேல்தட்டில் ஏறியது.

நான் திரும்புவதற்கு ஐந்து நாள்கள் முன்னதாகச் சரஸ்வதி பூஜை வந்தது. காலையில் கரியாஹாட்டில் அதே மீன்காரர், ஒரு சொல்லும் பேசாமல், ஜோடி இலிஷை எடுத்து என் முன்னே வைத்தார். ஒன்றை மாஷீமா கடுகில் சமைத்தார், மற்றொன்றைப் பொரித்தார். பொரித்த எண்ணெயையும் வீணாக்காமல் முதல் கவளச் சோற்றில் ஊற்றி உண்ணச் செய்தார். முள்ளைப் பிரித்தெடுக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் புஷ்பாஞ்சலி முடிந்து மஞ்சள் புடவையில் வந்த பேத்தி, நாற்காலி போட்டு ஏறி அந்தப் பொட்டலத்தை இறக்கினாள். பழங்களில் பாதி சுருங்கியிருந்தன. நல்லதாகப் பார்த்து இரண்டை எனக்குத் தந்துவிட்டு, மீதியை எண்ணத் தொடங்கினாள்.