ஹினோஎமாட்டா: 390 சதுர கிலோமீட்டரில் ஐநூறு பேர் எப்படி வாழ்கிறார்கள்?

வரைபடப்பித்தன்:
ஜப்பானில் ஃபுகுஷிமா மாகாணத்தின் தென்மேற்கு மூலையில் ஹினோஎமாட்டா என்று ஒரு மலைக்கிராமம், தனி நிர்வாகம். பரப்பு சுமார் 390 சதுர கி.மீ., ஆட்கள் ஐநூறு பேர் அளவில்தான். நாட்டிலேயே மக்கள் அடர்த்தி மிகக் குறைந்த ஊர் என்கிறார்கள். வீடுகள் மலை முழுக்கச் சிதறிக் கிடக்குமா? நெல்லும் விளையாதாமே, அப்போ காலங்காலமாக என்ன சாப்பிட்டார்கள்? இவ்வளவு சின்ன ஊரை ஏன் பக்கத்து ஊரோடு சேர்க்கவில்லை? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள்.

கிழக்குமலை:
அடர்த்திக் கணக்கை வைத்து அந்த ஊரைக் கற்பனை செய்யாதீர்கள். நிலத்தில் 98 சதவீதம் காடு. மிச்சமிருப்பது ஆற்றோரமாக ஒடுங்கிய ஒரு பள்ளத்தாக்கு, 900 மீட்டருக்கு மேல் உயரம், ஊர் முழுக்க அதற்குள்தான் நெருக்கமாக இருக்கிறது. தெற்கே 2,356 மீட்டர் ஹியுச்சிகடாகே நிற்கிறது, தோஹொக்கு என்கிற வடகிழக்கு ஜப்பான் வட்டாரத்திலேயே உயரமான சிகரம் அது. பனிக்காலத்தில் பக்கத்து மாகாணமான நீகாட்டா பக்கம் போகும் 352ஆம் எண் நெடுஞ்சாலையை மூடிவிடுவார்கள், அப்புறம் போக்குவரத்துக்கு வடக்கு வழிதான்.

ஊர்க்காரர்களில் பெரும்பாலோருக்கு ஹோஷி, ஹிரானோ, தச்சிபானா என்ற மூன்று குடும்பப் பெயர்களில் ஒன்றுதான். அதனால் ஜப்பானிய வழக்கத்துக்கு மாறாக ஒருவரை ஒருவர் சொந்தப் பெயர் சொல்லியே கூப்பிடுகிறார்கள்.

இணைப்பு விஷயம்: 2006-இல் அக்கம்பக்கத்தில் நான்கு ஊர்கள் சேர்ந்து மினாமிஐசு ஆனபோது இவர்கள் சேரவில்லை. ஒக்குதடாமி நீர்மின் நிலையம், 5.6 லட்சம் கிலோவாட், இந்தக் கிராம எல்லைக்குள் இருக்கிறது. அதன் சொத்து வரி இருப்பதால்தான் தனியாக நிற்க முடிகிறது என்பது என் எண்ணம்.

சோபாப்பிரியை:
சாப்பாட்டுக்கு நான் வருகிறேன். குளிரில் நெல் வராது, சோபா என்கிற பக்வீட் தானியமும் சிறுதானியமும்தான் ஊரைக் காப்பாற்றின. இங்கே நூடுல்ஸ் செய்யும் சோபா மாவில் கோதுமை கலப்பதில்லை, அதனால் மாவை மடித்தால் உடைந்துவிடும். தேய்த்த மாவுத்தகடுகளை மடிக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, துணி வெட்டுவதுபோல் கத்தியை இழுத்து இழுத்து வெட்டுவார்கள். தானியத்தை வைக்கும் களஞ்சியம் இன்னும் அழகு: தூணோ ஆணியோ கிடையாது, பலகைகளின் முனைகளை வெட்டிப் பொருத்தி அடுக்கியிருப்பார்கள், வீடு தீப்பிடித்தாலும் தானியம் மிஞ்சட்டும் என்று வீட்டிலிருந்து தள்ளியே கட்டுவார்கள். அந்த இடைவெளியைப் பார்த்தாலே பஞ்சத்துக்கு எப்படிப் பயந்திருப்பார்கள் என்று புரியும்.

இதே ஊர் ஆட்கள்தான் எடோ காலத்திலிருந்து (1603–1868) கபுகி என்கிற ஜப்பானிய மரபு நாடகம் ஆடுகிறார்கள்! மே 12, ஆகஸ்ட் 18 திருவிழாக்களில், கூரை வேய்ந்த மேடையில், பார்வையாளர்கள் சரிவில் உள்ள கற்படிகளில் உட்கார்ந்து பார்ப்பார்கள். நடிப்பவர்கள் ஊர்க்காரர்கள்.

சதுப்புநிலம்:
ஹியுச்சிகடாகே அடிவாரத்தில் இருக்கும் ஓஸே சதுப்புநிலத்தைச் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றிப் பேச்சு முடியாது. அது இன்று அணைத் தண்ணீருக்குள் மூழ்காமல் இருப்பதில் இந்த ஊர்க்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இங்கே பிறந்த ஹிரானோ சோஸோ 1890-இல் அங்கே மலைக்குடில் அமைத்தார், அணைத்திட்டம் வந்தபோது ஓஸேயிலேயே குடியேறி எதிர்த்தார். அவருடைய பேரன் சோஸே, சதுப்புநிலத்தின் ஓரமாகப் போகவிருந்த சாலையை நிறுத்தச் சொல்லி 1971-இல் சுற்றுச்சூழல் துறைத் தலைவர் ஓஇஷி புஇச்சியை நேரில் பார்த்து முறையிட்டார். சாலை நின்றது. அதே ஆண்டு டிசம்பரில் பனியில் மலைக்கணவாய் கடக்கும்போது சோஸே இறந்துபோனார், வயது 36. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனத்துவிடும். அணைக்குத் தேவையான ஓஸேயின் நீருரிமையை மின் நிறுவனம் கைவிட்டது 1996-இல்தான், அதாவது போராட்டம் தலைமுறை தாண்டிப் போனது.

வரைபடப்பித்தன்:
எல்லாருக்கும் நன்றி. அப்போ இன்றைக்கு ஓஸேக்கு வண்டியில் போக முடியாதா?

சதுப்புநிலம்:
கிராமத்து வழியாகப் போனால் மிஇகே என்ற இடம் வரைதான் சொந்த வண்டி. அங்கிருந்து நுமயாமா கணவாய்க்குப் பேருந்து, அதுவும் பனி உருகிய மாதங்களில் மட்டும். அதற்கப்புறம் நடைதான், இரட்டைப் பலகைப் பாதையில், பாசிக்கு மேல் கால் வைக்காமல்.