அப்பத்தாவின் மயிலைச் சரிசெய்ய வழி சொல்லுங்கள்

யாங்கோனிலிருந்து எழுதுகிறேன். கைத்தையல் தெரிந்த அக்காமார், அத்தைமார் கொஞ்சம் உதவுங்கள்.

எங்கள் அப்பத்தா தைத்த மயில் ஒன்று என்னிடம் இருக்கிறது. கறுப்பு வெல்வெட்டில், மண்டலேயில் செய்யும் ஷ்வேச்சிதோ என்ற சரிகைத் தையல் பாணி. அடியில் பஞ்சு வைத்துப் புடைக்கச் செய்து, மேலே சரிகையும் ஜமிக்கியும். 1964-இல் சொந்தக்காரர்கள் பலர் பர்மாவை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறியபோது, அப்பத்தா ஊசிப்பெட்டியோடு இங்கேயே இருந்துவிட்டார். அம்மாவுக்கும் எனக்கும் அதே ஊசிப் பைத்தியம்தான். அண்ணனுக்குப் பொத்தான்கூடத் தைக்க வராது, அது வேறு கதை.

சிக்கல் இதுதான். சரிகையை ஊசியில் கோத்துத் தைக்கவில்லை. துணிமேல் படிய வைத்து, மெல்லிய நூலால் இடையிடையே கட்டியிருக்கிறார். அந்தக் கட்டு நூல் இற்றுப்போய், மயில் கழுத்தில் நாலு விரல் நீளத்துக்குச் சரிகை எழும்பி நிற்கிறது. போதாததற்கு, ஒரு கடைக்காரர் ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்தார். அந்த இடமே கறுத்துவிட்டது.

பழைய கட்டைப் பிரிக்கலாமா, பக்கத்திலேயே புதிதாகக் கட்டலாமா? பட்டு நூலா, பருத்தியா? நூலுக்கு மெழுகு தடவினால் வெல்வெட்டில் கறை படுமா? கறுத்ததை அப்படியே விடு என்கிறார் அம்மா. எனக்கு மனசு வரவில்லை. செய்து பார்த்தவர்கள் சொன்னால் அப்புறம்தான் ஊசியைத் தொடுவேன்.