மண்ணெண்ணெய் அடுப்போடு சோலார் சுடுதண்ணீர் சேர்க்கலாமா?

ஒட்டுசுட்டான் பொடியன்:
வணக்கம். ஓட்டு வீடு, பக்கத்தில் தகரம் போட்ட மாட்டுக்கொட்டில். அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்த பிறகு சுடுதண்ணீரில்தான் குளிக்க வார்க்கிறோம், பால் கான் கழுவவும் சுடுதண்ணீர் வேண்டும். புகை அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாததால் விறகை விட்டு மண்ணெண்ணெய் அடுப்புக்கு மாறினோம். 2022 ஓகஸ்டில் இலங்கையில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340க்குப் போனது, பிறகு குறைந்தாலும் பழைய விலைக்கு வரவே இல்லை. கடைக்காரர் ஒருவர் 200 லீற்றர் கண்ணாடிக் குழாய் சோலார் செற் போட்டால் அடுப்பையே தூக்கி எறியலாம் என்கிறார். வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர்தானே, நம்பலாமா? தண்ணீர் குழாய்க்கிணறு, கேத்திலுக்குள் வெள்ளையாகத் தடித்துப் படியும்.

மாங்குளம் பைப் வேலை:
தம்பி, கடைசி வரியைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். வெயில் தாராளம். எங்களுக்கு வில்லன் தண்ணீர். சூடு ஏற ஏறச் சுண்ணாம்பு கூடப் படியும், 60 பாகைக்கு மேலே போனால் இன்னும் வேகம். கோடையில் நீங்கள் தண்ணீர் எடுக்காத நாளில் அந்தக் கண்ணாடிக் குழாய்களுக்குள் தண்ணீர் கொதிநிலைக்கே போகும். பழைய செற் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள், குழாயின் அடியில் காய்ந்த கஞ்சி மாதிரிப் பொருக்குப் பொருக்காக இருக்கும். அதோடு உங்கள் பக்கத்துக் குரங்குகள் கண்ணாடிக் குழாயை விட்டுவைக்குமா?

வெயிலில் சூடேறுகிற தட்டையான பலகை செற்றும், உள்ளே கொயில் (சுருள் குழாய்) வைத்த தாங்கியும் கேளுங்கள். பலகைக்குள் சுற்றுவது ஒரு தண்ணீர், குளிப்பது வேறு தண்ணீர். சுற்றுகிற தண்ணீரை மாரியில் பிடித்த மழைத்தண்ணீரால் நிரப்பினால் பலகைக்குள் சுண்ணாம்பே வராது. கொயிலின் வெளிப்பக்கம் கொஞ்சம் படியும்தான், அது திறந்து சுரண்டக்கூடிய இடம்.

அப்புறம், தாங்கியை ஓட்டுக்கூரையில் ஏற்ற வேண்டாம். 200 லீற்றர் என்றால் தண்ணீர் மட்டும் 200 கிலோ. பலகையைக் கொட்டில் பக்கம் தாழ்வாகத் தெற்குப் பார்த்து வையுங்கள், தாங்கியை அதற்கு மேலே வருகிற மாதிரி இரும்புக் காலில் நிறுத்துங்கள். நாங்கள் இருப்பது 9 பாகை அகலக்கோடு, பலகை படுத்துக் கிடந்தாலும் வெயில் பிடிக்கும், ஆனால் பம்ப் இல்லாமல் சூடு தானாக மேலே ஏற 15 பாகைச் சரிவாவது வேண்டும். சுடுதண்ணீர் லைனுக்குச் சாதாரண பிவிசி போடாதீர்கள், இளகிவிடும்.

வவுனிக்குளத்துப் பிள்ளை (ஜெர்மனி):
நாங்கள் இருப்பது ஒரு கிராமத்தில், நிலக்கீழ் அறையில் எண்ணெய் பொயிலர், கூரையில் சோலார். இங்கேயும் இதே கொயில் முறைதான், ஆனால் குளிரில் உறையாமலிருக்க அந்தச் சுற்றுக்குள் கிளைக்கோல் கலப்பார்கள். உங்களுக்கு அது தேவையில்லை. கோடையில் பொயிலர் தூங்கும். டிசம்பரில் சோலார் தண்ணீரை இளஞ்சூடாக்கிக் கொடுக்க மிச்சத்தைப் பொயிலர் பார்த்துக்கொள்ளும். அதனால் அடுப்பை எறியச் சொல்கிறவரை நம்பாதீர்கள். கார்த்திகை, மார்கழியில் நாள்கணக்கில் மழை மூட்டம், அப்பாவுக்குச் சுடுதண்ணீர் கட்டாயம் வேண்டியதும் அப்போதுதான். அந்த நாளில் தாங்கித் தண்ணீரை அண்டாவில் பிடித்து அடுப்பில் ஏற்றினால் எண்ணெய் ஓரளவாவது மிஞ்சும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்லவில்லை. வாதம் வந்த பக்கத்தில் சூடு உறைக்காமல் போகலாம். 60 பாகைத் தண்ணீர் சில விநாடியிலேயே தோலைப் பொசுக்கும். குளியலறைக்குப் போகிற லைனில் பச்சைத்தண்ணீரைக் கலந்து சூட்டைக் கட்டுப்படுத்துகிற கலப்பு வால்வு ஒன்று போடுங்கள், அதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பரந்தன் கரண்ட்:
கான் கழுவுகிற வேலை இல்லையென்றால் இவ்வளவும் தேவையில்லை என்பேன். 100 லீற்றரை 28இலிருந்து 45 பாகைக்கு ஏற்ற 2 யூனிற் கரண்ட் போதும். மண்ணெண்ணெயில் அதற்கு ஏறக்குறைய அரை லீற்றர் எரியும். கூரையில் சோலார் கரண்ட் ஏற்கெனவே இருந்தால் பகலில் ஹீற்றரைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கலாம்.

ஒட்டுசுட்டான் பொடியன்:
நன்றி அண்ணை, அக்கா. கரண்ட் பனல் இல்லை. கொட்டில் பக்கம் பலகை, கொயில் தாங்கி, கலப்பு வால்வு, அடுப்பு அப்படியே இருக்கட்டும். கடைக்காரரிடம் கேட்டேன், கொயில் தாங்கி ஓடர் பண்ணித்தான் எடுக்க வேண்டுமாம். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கையிருப்பில் வைத்திருக்கிற கடை யாருக்காவது தெரியுமா?