‘பிரைட்னஸ்’ என்பது ஒளிர்வா, கருமட்டமா?

> டிவி அமைப்புகளுக்கான தமிழ்ச் சொற்கள்: டெஸ்ட் பேட்டர்ன் (திரையைச் சரிபார்க்கக் காட்டும் படம்) = சோதனைக் கோலம், பிரைட்னஸ் = ஒளிர்வு, கான்ட்ராஸ்ட் = உறழ்பொருவு. இத்துடன் முடித்துக்கொள்ளலாமா?

கோலம் அருமை, அப்படியே இருக்கட்டும். மற்ற இரண்டும்தான் உறுத்துகின்றன. டிவியில் ‘பிரைட்னஸ்’ கூட்டினால் முதலில் கருப்பு சாம்பல் பூக்கும். அது நகர்த்துவது கருப்பின் அடிமட்டத்தை. ‘கான்ட்ராஸ்ட்’ நகர்த்துவது வெள்ளையின் உச்சத்தை. ஆங்கிலப் பெயரிலேயே கோளாறு, அதை நாம் ஏன் சுமக்க வேண்டும்? கருமட்டம், வெண்மட்டம் என்போம்.

செய்முறையை இச்சொற்களில் எழுதினால் தானே விளங்கும். திரையை அரைமணி நேரம் ஓடவிடுங்கள். காட்சிக்கேற்பத் தானே மாறும் டைனமிக் கான்ட்ராஸ்ட், தானியங்கி வெளிச்சம் இரண்டையும் அணையுங்கள். 8 பிட் வீடியோவில் ஒளியளவை 0 முதல் 255 வரை எண்ணால் குறிப்பார்கள்; அதில் கருப்பு 16, வெள்ளை 235. கோலத்தில் 16 பின்னணிமேல் 12, 20 என இரு பட்டைகள் இருக்கும். இரண்டும் தெரியும்வரை கருமட்டத்தை ஏற்றி, 12ஆம் பட்டை பின்னணியில் கரையும்வரை இறக்குங்கள். 20 மங்கலாகத் தெரிய வேண்டும். அதுவும் போனால் இரவுக் காட்சியில் தலைமுடியும் கருந்துணி மடிப்பும் ஒரே கறையாகிவிடும். பிறகு வெண்மட்டம்: 230ஆம் பட்டை 235இலிருந்து பிரிந்து தெரிய வேண்டும். வெள்ளையில் மஞ்சளோ இளஞ்சிவப்போ ஏறினால் மூன்று நிறங்களில் ஒன்று முன்னதாகவே உச்சத்தில் முட்டிவிட்டது; இறக்குங்கள். ஒன்றைத் தொட்டால் மற்றது நகரக்கூடும், ஆகவே மறுபடி கருமட்டம்.

எவ்வளவு ஏற்றியும் 12 தெரியவில்லையா? 16க்குக் கீழுள்ளதை வழியில் ஏதோ ஒரு கருவி வெட்டுகிறது. பிளேயர் 16–235 அனுப்ப, திரை 0–255 என்று படித்தால் கருப்பு வெளுக்கும்; மாறி நடந்தால் இரு முனையும் அமுங்கும். இந்த எண் வீச்சை இரண்டிலும் ஒன்றாக்காமல் மட்டங்களைத் திருகிப் பயனில்லை.

> ஐயா, போனிலும் கணினித் திரையிலும் பிரைட்னஸ் பெரும்பாலும் பின்னொளியைத்தானே கூட்டுகிறது? அங்கே கருமட்டம் என்றால் பிழையாகுமே.

ஆகும், ஒப்புக்கொள்கிறேன். ‘பின்னொளி’ என்று வைத்தாலும், புள்ளிகள் தாமே ஒளிரும் ஓஎல்இடி திரையில் அப்படி ஒன்று கிடையாது. அங்கெல்லாம் ஒளிர்வே சரி. உறழ்பொருவை, வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள விகிதத்துக்கு ஒதுக்கிவிடலாம்.

> அப்படியானால் மொழிபெயர்ப்பவருக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்?

அதே மெனுவில் ‘பேக்லைட்’ (பின்னொளி) தனியாக இருந்தால் பிரைட்னஸ் என்பது கருமட்டம். இல்லையென்றால் கருவியில் ஏற்றிப் பாருங்கள்: கருப்பு மட்டும் வெளுத்தால் கருமட்டம், வெள்ளையும் சேர்ந்து பளிச்சிட்டால் ஒளிர்வு.