பிட்ஸ்பர்க்கா, ராலியா: கார் ஓட்டத் தெரியாத அம்மாவுடன் எங்கே குடியேறலாம்?

கேள்வி: அல்சூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். நான் பெங்களூரில் மென்பொருள் துறையில் 16 ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். நிறுவனத்துக்குள்ளேயே இடமாற்றம் பெற்று, எல்-1 விசாவில் அமெரிக்கா செல்லும் வாய்ப்பு வந்திருக்கிறது. பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க், வட கரோலினாவின் ராலி ஆகிய இரண்டில் எந்த அலுவலகம் வேண்டும் என்று இந்த மாத இறுதிக்குள் நான் சொல்லியாக வேண்டும். சம்பளம் இரண்டிலும் ஒன்றே. கணவர் எல்-2 விசாவில் வருவதால் அவரும் அங்கே வேலை தேடிக்கொள்ளலாம். மகள் ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள்.

என் கவலை அம்மாவைப் பற்றியது. அப்பா காலமான பிறகு 9 ஆண்டுகளாக அவர் எங்களோடுதான் இருக்கிறார். காலை ஆறரை மணிக்கு அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் நடக்கப் போவார். திரும்பும் வழியில் சோமேசுவரரைக் கும்பிட்டுவிட்டு, சந்தையில் கீரையும் பூவும் வாங்கிக்கொண்டு எட்டரை மணிக்கு வீட்டுக்குள் நுழைவார். யாரையும் எதிர்பார்க்காமல் வாழ்ந்து பழகியவர். ஆண்டுக்கு ஒருமுறை பார்வையாளர் விசாவில் வந்து ஆறு மாதம் வரை எங்களோடு தங்குவார். மற்ற மாதங்களில் ஓசூரில் தம்பி வீட்டில் இருப்பார். தமிழும் கன்னடமும் தெரியும். ஆங்கிலம் கடைப் பலகையைப் படிக்கும் அளவுக்குத்தான். பகலில் நாங்கள் மூவரும் வெளியே போன பிறகு, அவர் தன் விருப்பப்படி கொஞ்சமாவது நடமாடக்கூடிய ஊர் இவற்றில் எது? வரி, பள்ளி பற்றியும் சொன்னால் உதவியாக இருக்கும். ஆனால் முதல் கேள்வி இதுதான்.

பதில் 1: பெல்லந்தூர் பொறியாளர்

பிட்ஸ்பர்க்கில் ஆறு ஆண்டுகள் குடும்பத்துடன் இருந்துவிட்டுத் திரும்பியவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் கேட்டிருக்கும் கேள்விக்கு விடை பிட்ஸ்பர்க்தான். அதிலும் புறநகர் அல்ல, நகரத்துக்குள்ளே இருக்கும் ஸ்குவிரல் ஹில் பகுதி.

காரணம் அந்த ஊரின் வரலாற்றில் இருக்கிறது. எஃகு ஆலைகள் ஓங்கியிருந்த காலத்தில், தொழிலாளர்கள் டிராமிலும் கால்நடையாகவும் போய்வருவதற்காக எழுந்த தெருக்கள் அவை. 1950-இல் சுமார் 6 லட்சத்து 77 ஆயிரம் பேர் வாழ்ந்த நகரம், ஆலைகள் மூடப்பட்டு மக்கள் வெளியேறியதால் 2020 கணக்கெடுப்பில் 3 லட்சத்து 3 ஆயிரமாகச் சுருங்கிவிட்டது. ஆனால் நடந்துபோகும் தூரத்தில் கடையும் நூலகமும் இருக்கும் பழைய தெரு அமைப்பு அப்படியே நிற்கிறது. ஸ்குவிரல் ஹில்லில் ஃபோர்ப்ஸ், மரே என்னும் இரண்டு சாலைகள் சந்திக்கும் முனையில் கார்னகி நூலகத்தின் கிளை இருக்கிறது. மருந்துக் கடை, காய்கறிக் கடை, ரொட்டிக் கடை எல்லாம் மரே சாலையிலேயே வரிசையாக இருக்கின்றன. 61 என்ற எண்ணில் தொடங்கும் பேருந்துகள் அங்கிருந்து பல்கலைக்கழகங்கள் இருக்கும் ஓக்லாந்துக்கும் நகர மையத்துக்கும் போகின்றன. என் மாமியார் வந்திருந்தபோது மூன்றாவது வாரத்திலேயே தனியாகப் பேருந்தில் ஏறி நூலகத்துக்குப் போய்வரத் தொடங்கிவிட்டார்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. அது மலையூர், 700-க்கும் மேற்பட்ட பொதுப் படிக்கட்டு வழிகள் இருக்கின்றன என்றால் ஏற்றத்தாழ்வைப் புரிந்துகொள்வீர்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால், வீடு பார்க்கும்போது வாசலில் எத்தனை படிகள் என்று எண்ணிப் பாருங்கள். ஜனவரியில் சராசரிப் பகல் உச்சமே 2, 3 பாகை செல்சியசுதான். குளிர்காலம் முழுவதும் வானம் மூடியே கிடக்கும். தெருவோரம் பனியை வாரி ஒதுக்கி இடம் பிடித்தவர்கள், கார் எடுத்துப் போகும்போது அந்த இடத்தில் ஒரு பழைய நாற்காலியைப் போட்டுவிட்டுப் போவார்கள். அதை யாரும் நகர்த்த மாட்டார்கள். முதல் பனிக்காலத்தில் அந்த நாற்காலிகளைப் பார்த்து நான் திகைத்தேன், இரண்டாவதில் நானும் ஒன்று வாங்கினேன். ஆனால் உங்கள் அம்மா மே மாதம் வந்து அக்டோபரில் திரும்பினால் பனியைப் பார்க்கவே வேண்டியதில்லை. அந்த ஆறு மாதமும் நடப்பதற்கு அருமையான பருவம்.

பிட்ஸ்பர்க்கின் புறநகரான பென் ஹில்ஸில் இருக்கும் வேங்கடேசுவரர் கோயில் அமெரிக்காவில் நம் மரபுப்படி முதன்முதலில் கட்டப்பட்ட கோயில்களில் ஒன்று. 1977-இல் குடமுழுக்கு நடந்தது. அதற்கு மட்டும் கார் வேண்டும்.

பதில் 2: ஓய்வுபெற்ற ஆசிரியை, மல்லேசுவரம்

மகளே, உன் அம்மாவின் இடத்தில் இருந்து இதை எழுதுகிறேன். எனக்கு 71 வயது. என் மகள் ராலியை ஒட்டிய கேரியில் முதலில் தனி வீட்டிலும், பிறகு பக்கத்து ஊரான மாரிஸ்வில்லில் அடுக்ககத்திலும் இருந்தாள். இரண்டிலும் தலா ஆறு மாதம் தங்கியிருக்கிறேன்.

தனி வீட்டில் இருந்த ஆறு மாதத்தை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது. காலை எட்டு மணிக்கு எல்லோரும் போய்விட்டால் மாலை ஐந்தரை வரை குளிர்பதனப் பெட்டியின் ஓசை மட்டும்தான். நடைபாதை இருந்தது, ஆனால் அது எந்தக் கடைக்கும் போகவில்லை, இன்னொரு வீட்டு வரிசைக்குத்தான் போனது. மார்ச் கடைசியில் பைன் மரங்களிலிருந்து மகரந்தம் கொட்டும். வாசலில் நின்ற காரின்மேல் யாரோ மஞ்சள் தூளைச் சலித்துவிட்டதுபோல் இருக்கும். விரலால் அதில் கோலம் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன், பேச ஆளில்லாமல்.

மாரிஸ்வில் அடுக்ககத்தில் நிலைமையே வேறு. கடை அங்கேயும் நடந்துபோகும் தூரத்தில் இல்லை. ஆனால் மாலை ஆறு மணிக்குக் கீழே இறங்கினால், மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ வந்திருக்கும் பாட்டிகளும் தாத்தாக்களும் ஏழெட்டுப் பேர் நடந்துகொண்டிருப்பார்கள். மதுரைக்காரர் ஒருவர், குண்டூர் அம்மா ஒருவர், தும்கூரிலிருந்து வந்த தம்பதியர். கன்னடம் தெரிந்தது எனக்கு அங்கேதான் அதிகம் பயன்பட்டது. சனிக்கிழமைகளில் யாராவது ஒருவர் வீட்டுக் காரில் எங்களைக் கேரி வேங்கடேசுவரர் கோயிலுக்கு அழைத்துப் போவார்கள். 2022-இல் 87 அடி உயர ராஜகோபுரம் திறந்தார்கள். அதன்கீழ் நின்று அண்ணாந்து பார்த்தபோது ஊர் நினைவு வந்து கண் நிறைந்துவிட்டது.

அதனால் பிட்ஸ்பர்க் தம்பி சொல்வதை முழுமையாக ஏற்க என்னால் முடியவில்லை. அவர் மாமியாருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். கடை வரை நடந்துபோய், அங்கே யாரோடும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் திரும்புவதும் தனிமைதான். இன்னொன்று: பார்வையாளர் காப்பீடு எடுக்கும்போது, சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு எந்த அளவுக்குப் பணம் தருவார்கள் என்பதை ஒருவர் உட்கார்ந்து வரிவரியாகப் படிக்க வேண்டும். பெரும்பாலான திட்டங்களில் அது மிகக் குறைவு. மாத்திரைகளை இங்கிருந்தே மருத்துவர் சீட்டோடு எடுத்துப் போகச் சொல்.

பதில் 3: இந்திராநகர் தந்தை

வரியும் பள்ளியும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பென்சில்வேனியா மாநில வருமான வரி 3.07 விழுக்காடு, ஆனால் பிட்ஸ்பர்க் நகர எல்லைக்குள் குடியிருந்தால், ஊதியத்தின்மீது உள்ளூர் வரி மேலும் 3 விழுக்காடு உண்டு. ஸ்குவிரல் ஹில் அந்த எல்லைக்குள்தான் வருகிறது. பெரும்பாலான புறநகர்களில் உள்ளூர் வரி 1 விழுக்காடு. வட கரோலினாவில் 2025-இல் மாநில வரி 4.25 விழுக்காடாக இருந்தது, ஊதியத்தின்மீது நகர வரி கிடையாது.

ராலி, கேரி, மாரிஸ்வில் மூன்றும் பெரும்பாலும் வேக் மாவட்டப் பள்ளி நிர்வாகத்தின்கீழ் வருகின்றன. அங்கே வீட்டுக்கு அருகில் இருக்கும் பள்ளியில்தான் இடம் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். நிரம்பிய பள்ளிகளில் சேர்க்கைக்கு வரம்பு வைத்து, புதிதாக வருகிறவர்களை வேறு பள்ளிக்கு அனுப்புவார்கள். சில பள்ளிகள் நீண்ட கோடை விடுமுறை இல்லாமல் ஆண்டு முழுவதும் தவணை முறையில் நடக்கின்றன. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பு, அந்த முகவரிக்கு எந்தப் பள்ளி என்று நிர்வாகத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள். நாங்கள் அதைச் செய்யாததால், பையன் முதல் ஆண்டு முழுக்க நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் பேருந்தில் கழித்தான்.

கணவர் வேலை தேடுவதற்கு ராலி சற்று எளிது. 1959-இல் தொடங்கிய ஆய்வு முக்கோணப் பூங்கா (ரிசர்ச் டிரையாங்கிள் பார்க்) என்னும் தொழில் வளாகத்தைச் சுற்றி மென்பொருள், மருந்து நிறுவனங்கள் நிறைந்திருக்கின்றன.

அல்சூர்வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியை அம்மா எழுதியதை நேற்றிரவு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சந்தைக்குப் போவதில் எது அவருக்கு முக்கியம் என்று நான் இதுவரை கேட்டதே இல்லை, இப்போது கேட்டேன். கீரைக்காரம்மாவின் மருமகளுக்கு இது எட்டாவது மாதம், அதை விசாரிக்காமல் எப்படி வருவது என்றார். நடக்கும் தூரத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ராலி அலுவலகத்தைக் கேட்கப் போகிறேன். முதல் ஆண்டு மாரிஸ்வில்லில் அடுக்ககத்தில், தரைத்தளத்தில் வாடகைக்குப் பார்க்கிறோம். முகவரிக்கான பள்ளியை முதலில் உறுதி செய்துகொள்வோம். ஆசிரியை அம்மா, நீங்கள் தங்கியிருந்த அடுக்ககம் எந்தச் சாலையை ஒட்டி இருக்கிறது என்று தனிச்செய்தியில் தெரிவிக்க முடியுமா?