ஒட்டகங்களில் சர்ரா: ரத்தப் பூச்சில் ஒன்றும் தெரியாவிட்டால்?

கேள்வி – இளம் கால்நடை மருத்துவர், பிகானேர்
ஒட்டகம் வளர்க்கும் ரைக்கா சமூக மேய்ப்பர் ஒருவரின் மந்தையில், மழைக்காலம் முடிந்ததிலிருந்து சில பெண் ஒட்டகங்களுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. தீனி எடுத்தும் உடல் தேறவில்லை. திமில் வற்றிக்கொண்டே போகிறது. சினையாக இருந்த ஒன்று கன்று வீசிவிட்டது. மேய்ப்பர், ரத்த ஒட்டுண்ணியால் வரும் சர்ரா நோய்தான் என்கிறார். ஆனால், நான் ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்த்த ரத்தப் பூச்சில் ஒட்டுண்ணி எதுவும் தென்படவில்லை. மாடுகளுக்குப் போடும் டிமினசீன் மருந்து கையிருப்பில் உள்ளது. அதைக் கொடுத்துப் பார்க்கலாமா?

மறுமொழி 1 – ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்
வேண்டாம். மாடு தாங்கும் அளவு டிமினசீனை ஒட்டகம் தாங்காது, நச்சாகிவிடும். பூச்சில் தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்றும் முடிவுகட்ட வேண்டாம். ஒட்டகத்தில் சர்ரா பெரும்பாலும் மாதக்கணக்கில் இழுக்கும் நோய். இதை உண்டாக்கும் ஒட்டுண்ணியான டிரிபனோசோமா இவான்சி தன் மேற்பரப்புப் புரதத்தை மாற்றி மாற்றி எதிர்ப்பாற்றலிடமிருந்து தப்புவதால், காய்ச்சல் ஏறும் நாட்களில் ரத்தத்தில் பெருகி, பிறகு கண்ணில் படாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. ஆகவே, காய்ச்சல் அடிக்கும்போதே காதின் ரத்தக் குழாயில் ஒரு துளி ரத்தம் எடுத்து, உலர்வதற்குள் மூடுகண்ணாடி வைத்துப் பாருங்கள்; ஒட்டுண்ணி நெளிந்து சிவப்பணுக்களை இடித்துத் தள்ளுவதே அதைக் காட்டிக்கொடுக்கும். நுண்குழாயில் ரத்தத்தைச் சுழற்றி, அணுக்களும் பிளாஸ்மாவும் சந்திக்கும் எல்லையில் தேடுவது இன்னும் நுட்பமான முறை. மேய்ப்பர் சொல்லையும் தள்ளிவிடாதீர்கள். சிறுநீர் நனைத்த மணலை முகர்ந்தே இந்நோயைச் சந்தேகிக்கும் பழக்கம் அவர்களிடம் உண்டு.

மறுமொழி 2 – ஒட்டுண்ணியியல் ஆய்வாளர்
நோய் உறுதியானால், ஒட்டகத்துக்குக் குயினபைரமின், சுராமின், மெலார்சோமின் ஆகியவை பயன்படுத்தப்படுகின்றன. மெலார்சோமினின் அளவு கிலோ எடைக்கு 0.25 மில்லிகிராம், எடையைக் கண்ணளவில் குறைத்து மதிப்பிட்டு மருந்தைக் குறைவாகப் போடுவதுதான், மருந்துக்கு அடங்காத ஒட்டுண்ணிகள் உருவாக வழிவிடுகிறது. 1880-இல் கிரிஃபித் இவான்ஸ் இன்றைய பாகிஸ்தானிலுள்ள தேரா இஸ்மாயில் கானில் குதிரை, ஒட்டக ரத்தத்தில் இதைக் கண்டறிந்து இவ்வளவு காலமாகியும் தடுப்பூசி கிடையாது என்பதால், இருக்கும் மருந்துகளைப் பாழாக்க நமக்கு உரிமையில்லை.

மறுமொழி 3 – பிகானேரில் பணிபுரிந்தவர்
மற்ற ஒட்டகங்களையும் பாருங்கள் ஐயா. இந்த ஒட்டுண்ணி ஈயின் உடலில் வளர்வதில்லை. ரத்தம் குடிக்கையில் பாதியில் விரட்டப்பட்ட மாட்டு ஈ, வாயில் ஒட்டிய ரத்தத்தோடு அடுத்த ஒட்டகத்தைக் கடிக்கும்போதே அதைச் சேர்த்துவிடுகிறது. நோயுற்றவற்றை உடனே தள்ளிக் கட்டச் சொல்லுங்கள். சந்தையில் வாங்கியவற்றைப் பரிசோதிக்காமல் மந்தையில் விடவும் கூடாது. 2006-இல் கேனரித் தீவுகளிலிருந்து பிரான்சின் அவேரோன் பகுதிக்குச் சர்ரா போய்ச் சேர்ந்ததும் அப்படிக் கொண்டுவரப்பட்ட ஒட்டகங்களோடுதான்.